நகலில் எழுதிய ‘நில்’

தம்பி,

இன்று ஞாயிற்றுக்கிழமை. பட்டறைகளில் மிஷின் எதுவும் ஓடாது. அதனால்தான் என்னால் உட்கார்ந்து எழுத முடிகிறது. நீ உள்ளே பாயில் குப்புறப் படுத்துத் தூங்குகிறாய். உனக்கு மூன்று வயது. இதைப் படிக்கும்போது இருபத்திரண்டு, இருபத்துமூன்று ஆகியிருக்கும், முதல் வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருப்பாய் என்று நினைத்துக்கொண்டு எழுதுகிறேன். அப்போது நேரிலேயே சொல்லலாமே என்று கேட்பாய். எனக்கு நேரில் பேச வராது. இருபத்தொன்பது வயதில் வராதது நாற்பத்தெட்டில் வந்துவிடும் என்று எனக்கு நம்பிக்கை இல்லை.

என்றைக்காவது ஏதோ ஒரு விண்ணப்பத்துக்காக அம்மாவின் டிகிரி சர்டிபிகேட்டைத் தேடுவாய். வீட்டில் ஜெராக்ஸ்தான் கிடைக்கும். ஒரிஜினல் எங்கே போனது என்பதை நீ தெரிந்துகொள்ள வேண்டும். அதைவிட முக்கியமாக, எனக்குத் தெரிந்திருந்தும் போன வாரம் ஒரு பெண்ணின் கைகளை நான் மிஷினுக்குள் விட்டுவைத்திருந்தேன். அதை நீ வேறு யார் வாயாலும் கேட்கக் கூடாது. என் வாயால் வராது என்பதால் என் கையெழுத்தில் இருக்கட்டும்.

நம் வீட்டில் காலேஜ் முடித்த முதல் ஆள் நான். நீ காலேஜில் சேர்ந்தபோது முதல் பட்டதாரி சலுகைக்கு எழுதிப் போட்டிருந்தால், அம்மா படித்திருக்கிறாளே என்று திருப்பி அனுப்பியிருப்பார்கள். அதற்காக என்னைத் திட்டியிருப்பாய், திட்டிக்கொள். என் நைனா, உன் தாத்தா, அம்பத்தூர் தொழிற்பேட்டையில், எஸ்டேட் என்போம், லோடு ஏற்றுகிறவர். என் அம்மா மூன்று வீடுகளில் வேலை செய்தாள். பள்ளிக்கூடம் லீவு விட்டால் என்னையும் கூட்டிக்கொண்டு போவாள். எந்த வீட்டுக்குள் நுழைந்தாலும் முதலில் எனக்கு ஒரு மூலையைக் காட்டுவாள். “இங்கியே குந்திக்கோ. எதையும் தொடாத. கண்ணால பாரு, கையால தொடாத.” நான் அப்படியே உட்கார்ந்திருப்பேன். அந்த வீட்டுப் பிள்ளைகளின் பொம்மைகள், கண்ணாடி அலமாரி, ஃப்ரிட்ஜின் மேல் ஒட்டியிருந்த பிளாஸ்டிக் பழங்கள் எல்லாவற்றையும் பார்ப்பேன். எந்தப் பொருள் எந்த இடத்தில் இருக்கிறது என்று இன்றைக்கும் என்னால் சொல்ல முடியும். ஒன்றின் மீதும் என் விரல் பட்டதில்லை. என் அம்மாவுக்கு அதில் பெருமை. “எம் பொண்ண கூட்டினு போனா ஊட்ல ஆள் கீதுன்னே தெரியாது” என்று சொல்லிக்கொள்வாள். நான் அதை ஒரு நல்ல குணம் என்றே நினைத்து வளர்ந்தேன்.

பெங்களூர் ரோட்டில் நசரத்பேட்டையைத் தாண்டி இருந்த ஒரு காலேஜில் எலெக்ட்ரானிக்ஸ் படித்தேன். அங்கேதான் கம்ப்யூட்டர் புரோகிராம் எழுதும் சி மொழி வந்தது. அதில் ஃபங்ஷன் என்று ஒன்று உண்டு. ஒரு பெரிய வேலையில் ஒரு சிறு பகுதியைத் தனியாக எழுதி வைத்துவிட்டு, தேவைப்படும்போது கூப்பிட்டுச் செய்யச் சொல்வது. எல்லாரும் முதலில் எழுதிப் பார்ப்பது இரண்டு எண்களை இடம் மாற்றும் ஃபங்ஷன். ஐந்தையும் ஏழையும் கொடுத்தேன். ஃபங்ஷனுக்குள் ஏழு, ஐந்து என்று மாறிவிட்டது. வெளியே வந்து பார்த்தால் பழையபடி ஐந்து, ஏழு. பாயிண்டர் கொடுத்தால் மாறும் என்று சார் போர்டில் எழுதிப் போட்டார். இரண்டு முறைக்கும் உள்ள வித்தியாசத்தை எட்டு வரியில் மனப்பாடம் செய்து பரீட்சையில் எழுதி முழு மார்க் வாங்கினேன். ஒரு சொல்லும் புரியவில்லை. புரியவில்லை என்று கை தூக்கிச் சொல்ல எனக்கு வாய் இல்லை. இதுதான் என் முதல் தப்பு என்று எழுத நினைத்தேன். ஆனால் அதற்கும் முன்னால் எத்தனையோ முறை நான் கை தூக்காமல் இருந்திருக்கிறேன்.

லேபில் ஒரு நாள் தைரியமாகப் பாயிண்டர் வைத்து எழுதினேன். பாயிண்டருக்கு அடையாளமாகப் போடும் ஸ்டார் குறியைத் தப்பான இடத்தில் போட்டிருப்பேன் போல. சிஸ்டம் அப்படியே நின்றுவிட்டது. லேப் அண்ணன் எழுந்து, “யாரும்மா அது, நல்லா இருந்த சிஸ்டத்த சாவடிச்சது?” என்று கத்தினார். ஐம்பது தலைகள் திரும்பின. பின் வரிசையில் ஒருத்தன், “விடுங்கண்ணா, கள்ளிக்குப்பத்து ஹேக்கர்” என்றான், எங்கள் ஏரியாப் பெயரை இழுத்து. எல்லாரும் சிரித்தார்கள். அவன் என்னோடு ஒரே பஸ்ஸில் வருகிறவன், கெட்டவன் இல்லை. ஆனால் அன்றோடு பாயிண்டரைக் கண்டால் எனக்கு அந்த மூலை ஞாபகம் வர ஆரம்பித்தது. தொடாத. கண்ணால பாரு.

பிற்பாடு, இந்த வேலையில் சேர்ந்து வெகுநாள் கழித்து, ஒரு ஜெராக்ஸ் கடையில் நகலின் மேல் ஒருவர் திருத்தி எழுதுவதைப் பார்த்தபோதுதான் அது புரிந்தது. சி மொழியில் ஒரு ஃபங்ஷனிடம் ஒன்றைக் கொடுத்தால் அது கைக்கு வாங்குவது ஜெராக்ஸைத்தான். அதில் அடிக்கலாம், திருத்தலாம், கிறுக்கலாம். வேலை முடிந்ததும் அந்த ஜெராக்ஸ் குப்பைக்குப் போய்விடும். ஒரிஜினல் இருந்த இடத்தில் இருந்தபடியே இருக்கும். ஒரிஜினலே மாற வேண்டும் என்றால் அது எங்கே இருக்கிறது என்று ஃபங்ஷனுக்குச் சொல்ல வேண்டும். அப்படி இடத்தைச் சொல்வதுதான் பாயிண்டர். இடம் தெரிந்தவன் நேராக அங்கே போய்க் கை வைக்கிறான். நல்லதும் செய்யலாம், நாசமும் செய்யலாம். அதனால் யாருக்கு ஜெராக்ஸ் கொடுப்பது, யாருக்கு இடத்தைக் காட்டுவது என்று யோசித்துச் செய்ய வேண்டும். நாங்கள் அந்த இரண்டையுமே தலைகீழாகச் செய்தோம். முதலில் செய்தது என் நைனா.

உனக்கு ஒன்றேகால் வயதானபோது எஸ்டேட்டில் ஒரு சின்ன கம்பெனியில் வேலை கிடைத்தது. தகட்டை அடித்து வாஷர், கிளிப் எல்லாம் செய்யும் பவர் பிரஸ் மிஷின்களுக்குக் கன்ட்ரோல் போர்டு செய்கிற இடம். ஆறு பேர். முதலாளியை எல்லாரும் சார் என்போம், நானும் அப்படியே எழுதுகிறேன். சேருகிற அன்று நைனா லீவு போட்டுவிட்டு, துவைத்த சட்டையோடு என் கூடவே வந்தார். சார் சர்டிபிகேட் கேட்டதும் நான் ஃபைலின் மேலே இருந்த ஜெராக்ஸை எடுத்தேன். நைனா என் கையைப் பிடித்துக்கொண்டார். “ஜெராக்ஸ குடுத்தா நம்மள டுபாக்கூர்னு நெனச்சிக்குவாங்கம்மா. ஒரிஜினல குடு” என்று காதில் சொன்னார், சாருக்கும் கேட்கிற மாதிரி. பத்தாவது, பன்னிரண்டாவது, டிகிரி மூன்றும் சார் கைக்குப் போயின. அழுக்குப் படக் கூடாதென்று நைனாவே லேமினேட் செய்துவைத்தவை. சார் பின்னால் இருந்த இரும்பு பீரோவைத் திறந்து உள்ளே வைத்தார். “பத்திரமா இருக்கும்மா. மூணு வருஷம் வேலை பாத்துட்டு வாங்கிக்க. இங்க எல்லாருக்கும் அப்படித்தான்” என்றார். நைனா கும்பிட்டார். வெளியே வந்து டீ குடிக்கும்போது, “பாத்தியா, உன் சர்டிபிகேட்டுக்கு பீரோவுல எடம் குடுத்துகிறாரு” என்றார். எனக்கு அப்போதே அது சரியாகப் படவில்லை. அவர் முகத்தைப் பார்த்துவிட்டு டீயைக் குடித்தேன்.

அந்த போர்டுக்குள் மிஷினின் நிலை எல்லாம் ஒரே இடத்தில் எழுதியிருக்கும். ஓட வேண்டுமா, நிற்க வேண்டுமா, எத்தனை அடி அடித்தது எல்லாம். மிஷினுக்கு முன்னால் ஒரு சென்சார் இருக்கும். கை உள்ளே போனால் சென்சார் மறைபடும். உடனே சிவப்பு விளக்கு எரிய வேண்டும், நிலையில் ‘நில்’ என்று எழுத வேண்டும், மிஷின் இறங்கக் கூடாது. ஒரு சாவியைத் திருப்பி மிஷினை இரண்டு விதமாக ஓட்டலாம். சிங்கிள் என்றால் பெடலை மிதிக்க மிதிக்க ஒவ்வொரு அடி. ஆட்டோ என்றால் அது பாட்டுக்கு அடித்துக்கொண்டே இருக்கும். சிங்கிளுக்கு ஏற்கெனவே ஒருவர் எழுதி வைத்துவிட்டுப் போயிருந்தார். ஆட்டோவுக்கு நான் எழுத வேண்டும். அவர் பாயிண்டர் கொடுத்து எழுதியிருந்தார். எனக்கு அந்த ஸ்டார் குறிகளைப் பார்த்ததும் காலேஜ் லேப் ஞாபகம் வந்தது. மிஷினின் நிலையை என் ஃபங்ஷன் நேராகத் தொட்டால் எதையாவது கெடுத்துவிடுமோ என்று பயம். ஜெராக்ஸாகவே வாங்கிக்கொண்டேன். ஜெராக்ஸால் யாருக்கும் கெடுதல் வராது என்று அப்போது உண்மையிலேயே நம்பினேன்.

இப்போது உனக்கே தெரிந்திருக்கும். சென்சார் மறைபட்டால் என் ஃபங்ஷன் சிவப்பு விளக்கை எரித்தது. ‘நில்’ என்றும் எழுதியது, தன்னிடம் இருந்த ஜெராக்ஸில். அடுத்த கணம் அந்த ஜெராக்ஸ் குப்பைக்குப் போனது. ஒரிஜினலில் ‘ஓடு’ என்றே இருந்தது. மிஷின் கேட்பது ஒரிஜினலைத்தான். நாங்கள் மேசை மேல் வைத்துச் சோதித்தபோது பிரஸ் எதுவும் இல்லை, விளக்குகள் மட்டும்தான் இருந்தன. சென்சாருக்கு முன்னால் என் கையை வைத்தேன். சிவப்பு எரிந்தது. சார் ‘ஓகே’ என்றார். பதினோரு போர்டுகள் போயின.

அதில் ஒன்று பாரிவாக்கத்தில் ஒரு பட்டறைக்கு. மாட்டும்போது ஃபிட்டரோடு நானும் போனேன். அங்கே மிஷின் ஓட்டுகிற தேவகி அக்காவை அன்றுதான் பார்த்தேன். பதினாறு வருஷமாகப் பிரஸ்ஸில் இருக்கிறவர். இரண்டு கையையும் விரித்துக் காட்டி, “இந்தப் பட்டறையில பத்து வெரலோட கீறது நானும் ஓனரும்தான். அவரு மிஷினாண்டயே வரமாட்டாரு” என்றார். நான் சாப்பாடு கொண்டுபோகாததைப் பார்த்துவிட்டுத் தன் டப்பாவைத் திறந்து பாதி லெமன் சாதத்தை மூடியில் போட்டுக் கொடுத்தார். கிளம்பும்போது கேட்டார்.

“இன்னா கம்பூட்டர் பாப்பா, அந்த செவப்பு லைட்டு இன்னாத்துக்கு?”

“கை உள்ளே இருந்தா எரியும்க்கா. எரிஞ்சா மிஷின் இறங்காது.”

“சத்தியமா?”

“சத்தியமா அக்கா.”

நான் இவ்வளவு சத்தமாக யாருக்கும் சத்தியம் செய்ததில்லை. என் ஃபங்ஷன் அங்கே ஓடுகிறது என்று அவ்வளவு சந்தோஷம் எனக்கு.

முந்தைய வாரம் வியாழக்கிழமை சாயந்திரம் வேறு எதையோ தேடப் போய் என் பழைய ஃபங்ஷனைத் திறந்தேன். முதல் வரியிலேயே தெரிந்துவிட்டது. ஒரு ஸ்டார் குறி, கூப்பிடுகிற இடத்தில் ஒரு சின்னக் குறி, உள்ளே சில திருத்தங்கள். பத்து நிமிஷத்தில் சரிசெய்துவிட்டேன். என் கம்ப்யூட்டரில் சரியாகிவிட்டது. பதினோரு பட்டறைகளில் பழையதே ஓடிக்கொண்டிருந்தது. அவற்றில் புதியதை ஏற்ற வேண்டும் என்றால் ஆபீஸில் இருக்கும் கருவியோடு ஆள் போக வேண்டும். சார் அனுப்ப வேண்டும்.

வெள்ளிக்கிழமை காலை அவர் மேசைக்கு முன்னால் போய் நின்றேன்.

“சார், ஆட்டோல சென்சார் மறைஞ்சா மிஷின் நிக்காது.”

“லைட் எரியுதுல்ல?”

“எரியுது சார். ஆனா நிக்காது.”

“ஆட்டோல யாரும்மா கைய விட்டு ஓட்டறாங்க? அது காயில் போடறவங்களுக்கு, தகடு சுருளா தானா உள்ள போகும். அடுத்த சர்வீஸ் ரவுண்டுல மாத்திக்கலாம். இப்ப பதினோரு பேருக்கும் போன் பண்ணி, எங்க போர்டு தப்புன்னு சொல்லச் சொல்றியா?” பிறகு மெதுவான குரலில், “உனக்கு இன்னும் ஒண்ணேகால் வருஷம் இருக்குல்லம்மா? நல்லா வேலை கத்துக்க” என்றார். அவர் பீரோவைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால், மிரட்டுகிறார் என்று எனக்குக் கோபமாவது வந்திருக்கும். நான் “சரிங்க சார்” என்று சொல்லிவிட்டு வந்து உட்கார்ந்தேன். ஆட்டோவில் யார் கையை விடப்போகிறார்கள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். சனிக்கிழமை முழுவதும் சொல்லிக்கொண்டேன்.

திங்கட்கிழமை ஆபீஸ் போன் அடித்தது. எடுத்தேன். பாரிவாக்கம் பட்டறை சூப்பர்வைசர். “பெரிய ஆர்டரும்மா. சிங்கிள்ல பெடல் மிதிச்சி மிதிச்சி ஆளுங்களுக்குக் கால் போவுது. ஆட்டோல போட்டு வுட்டேன். தேவகி சும்மா பிச்சி ஒதறுது. சார்கிட்ட சொல்லிடு, போர்டு சூப்பர்னு.” காயில் இல்லை. ஒவ்வொரு துண்டையும் கையால் வைத்து எடுக்கிறார்கள், மிஷின் ஏறி இறங்கும் இடைவெளியில். எனக்கு எல்லாம் புரிந்தது. வாயைத் திறந்தேன். “சரிங்க சார்” என்று வந்தது. போனை வைத்துவிட்டேன்.

தம்பி, இந்த இடத்தை நீ இரண்டு முறை படிக்க வேண்டும் என்று ஆசைப்படுகிறேன். உன் அம்மா நல்லவள், ஆனால் பயந்தவள் என்று யாராவது சமாதானம் சொன்னால் நம்பாதே. திங்கட்கிழமை எனக்குத் தெரியும். செவ்வாய்க்கிழமையும் தெரியும். செவ்வாய்க்கிழமை உனக்குச் சோறு ஊட்டும்போது நீ என் விரலைக் கடித்துவிட்டு “வலிக்குதா?” என்று கேட்டாய். வலிக்கவில்லை என்றேன். உன் அப்பாவிடம் சொன்னேன். அவர் ஆவடியில் குடோன் வேலை முடித்து அப்போதுதான் வந்திருந்தார். சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினார். பிறகு, “ஒரிஜினல் இல்லன்னா வேற எடத்துல சேக்க மாட்டாங்களே” என்றார். போகாதே என்று சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை. எனக்கு அந்தப் பீரோவுக்குள் நானே உட்கார்ந்திருப்பது போல் இருந்தது. கதவு வெளியில் பூட்டியிருக்கிறது. சாவி இருப்பவரிடம் கேட்க எனக்கு வாய் இல்லை.

புதன்கிழமை காலை எஸ்டேட் வாசலில் நான் இறங்கவில்லை. ஆவடி வரை போய், பூந்தமல்லி பஸ் பிடித்து, பாரிவாக்கத்தில் இறங்கினேன். அதை வீரம் என்று நினைத்துக்கொள்ளாதே. பட்டறைக்குள் போன பிறகும் நான் சுவரோரம் நின்றேன். காது கிழியும் சத்தம். தேவகி அக்கா துண்டை வைத்தார், எடுத்தார், வைத்தார். ஒவ்வொரு முறையும் அந்தச் சிவப்பு விளக்கு மினுக்கென்று எரிந்து அணைந்தது. அவர் அதைப் பார்த்து நம்பிக்கையோடு கையை உள்ளே விட்டார். இருபது தடவை எண்ணினேன். இருபது தடவையும் கூப்பிட நினைத்தேன். கடைசியில் கூப்பிடவில்லை. நேராகப் போய் மிஷினின் பெரிய சிவப்பு பட்டனை உள்ளங்கையால் அடித்து அமுக்கினேன். அடுத்தவர் பொருளின் மேல், கேட்காமல், நான் வைத்த முதல் கை அது.

மிஷின் நின்றது. சூப்பர்வைசர் ஓடி வந்தார். “யாரும்மா நீ? மிஷின்ல கை வெக்கிற?”

“நான்தான் சார், போர்டு கம்பெனி. இது நிக்காது சார்.”

“நின்னுட்டுதே?”

“பட்டன் அடிச்சா நிக்கும். கை உள்ளே போனா நிக்காது. லைட் மட்டும்தான் எரியும்.”

அவருக்குப் புரியவில்லை. ஜெராக்ஸ், ஒரிஜினல் என்று நான் என்னென்னவோ உளறினேன். தேவகி அக்காவின் கூடையில் வீட்டுக்கு வாங்கிவைத்த முருங்கைக்காய் நீட்டிக்கொண்டிருந்தது. ஒன்றை எடுத்தேன். ஆட்டோவில் போடச் சொல்லி, தள்ளி நின்று அதன் நுனியைச் சென்சாருக்கு அப்பால் நீட்டினேன். சிவப்பு விளக்கு எரிந்தது. மிஷின் இறங்கியது. சத்தம்கூடப் பெரிதாக இல்லை. என் கையில் பாதிதான் மிச்சம்.

பக்கத்து மிஷின்காரர், “சாம்பாருக்கு நறுக்கிக் குடுக்குதுடா” என்றார். சொன்ன பிறகு அவரே சிரிக்கவில்லை. அவருடைய இடது கையில் மூன்று விரல்.

தேவகி அக்கா என் கையிலிருந்து அந்தப் பாதியை வாங்கி, நசுங்கிய முனையைக் கொஞ்ச நேரம் பார்த்தார். அப்புறம் என்னைப் பார்த்தார். எனக்கு அழுகை வந்துவிட்டது. கட்டிக்கொள்வார், நல்லவேளை வந்தாயே என்பார் என்று மனசுக்குள் ஒரு ஓரத்தில் எதிர்பார்த்திருக்கிறேன். அது எவ்வளவு கேவலம் என்று அவர் கேட்ட கேள்வியில்தான் தெரிந்தது.

“இது உனக்கு எப்போ தெரியும்?”

பொய் சொல்லியிருக்கலாம். “போன வியாழக்கெழமை” என்றேன்.

அவர் கிரீஸ் படிந்த விரல்களை மடக்கி எண்ணினார். “வெள்ளி. சனி. ஞாயித்துக்கெழம லீவு. திங்க, செவ்வா. நாலு நாளு. ஆட்டோல ஓடுதுன்னு தெரியுமா?”

“திங்கக்கெழமை தெரியும்.”

“தெரிஞ்சிகினு ரெண்டு நாளு ஊட்ல சோறு துன்னுகினு இருந்த.”

“பயமா இருந்துச்சுக்கா. சர்டிபிகேட் அவர்கிட்ட…”

“உன் சர்டிபிகேட்டு பீரோவுல கீது. என் கை எங்க இருந்திச்சி?”

அவர் மிஷினில் இருந்த மோடு சாவியைச் சிங்கிளுக்குத் திருப்பி, சாவியை உருவி இடுப்பில் செருகிக்கொண்டார். சூப்பர்வைசர் சாவியைக் கேட்டதற்கு, “இது என்னாண்டயே இருக்கட்டும். வேணும்னா நீ வந்து ஆட்டோல ஓட்டு, உன் கைய வுட்டு” என்றார். சூப்பர்வைசர் அப்புறம் கேட்கவில்லை. அக்கா என்னிடம் திரும்பி, “மத்த மிஷினுலாம் எங்க கீது?” என்றார். பத்து இடம் என்றேன். “அவங்களும் கைய உள்ள வெச்சிகினுதான் இருப்பாங்க. இங்க நின்னு அயுவாத. போ” என்றார். எனக்கு லெமன் சாதம் கொடுத்தவர், அன்று தண்ணீர் வேண்டுமா என்றுகூடக் கேட்கவில்லை. கேட்க வேண்டும் என்று நான் நினைக்கவில்லை.

மதியத்துக்குள் சார் போன் செய்துவிட்டார். முதல் முறையாக அவர் வாயில் பீரோ வந்தது. “ஊர் ஊராப் போயி என் பேரக் கெடுத்தேன்னா அந்த பீரோ தெறக்காது. யோசிச்சுக்க.” நான் “சரிங்க சார்” என்று சொல்லவில்லை. போனைக் காதிலேயே வைத்துக்கொண்டு நின்றேன். அவரே வைத்துவிட்டார். பத்து இடத்துக்கும் சார் பேசிவிட்டார், அந்தப் பெண் வேலையில் கோபித்துக்கொண்டு ஏதோ உளறுகிறாள் என்று. நான் போன் செய்தால் முதலாளிகள் சிரித்துவிட்டு வைத்தார்கள். அதனால் ஒவ்வொரு இடத்துக்கும் போக வேண்டியிருந்தது. ஓட்டுகிற ஆட்களைப் பிடித்து, அவர்கள் கண்ணெதிரே ஒரு குச்சியை உள்ளே நீட்டிக் காட்ட வேண்டியிருந்தது. பூந்தமல்லியில் ஒரு பாய் சொந்தமாகச் சின்னப் பட்டறை வைத்து அவரே ஓட்டுகிறார். நான் பாதி சொல்வதற்குள் மெயின் சுவிட்சை அணைத்துவிட்டு, “உக்காரும்மா, மூச்சு வாங்கிக்க. அப்புறம் சொல்லு” என்றார். நசரத்பேட்டையில் ஒருவர் வெளியே தள்ளாத குறையாக அனுப்பினார். சாப்பாட்டு நேரம் வரை எதிரில் டீக்கடையில் நின்று, வெளியே வந்த ஆட்களிடம் சொன்னேன். சனிக்கிழமை சாயந்திரத்துக்குள் எட்டு இடம் முடிந்தது. எட்டிலும் சாவி சிங்கிளில் இருக்கிறது. யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. அது தற்செயல். என் கணக்கில் அதை எழுதாதே.

நேற்று நைனா உன்னை மடியில் வைத்துக்கொண்டு, “ஜெராக்ஸே குடுத்து இருக்கலாம்மா. நான்தான்…” என்று ஆரம்பித்தார். உன்னை என்னிடம் கொடுத்துவிட்டு எழுந்து போனார். போலீசில் எழுதிக் கொடுக்கலாம் என்கிறார் உன் அப்பா. கொடுத்ததற்கு ஒரு துண்டுச் சீட்டுகூட நம்மிடம் இல்லை. காட்ட வேண்டிய டிகிரியும் அவர் பீரோவில் இருக்கிறது. யூனிவர்சிட்டியில் இன்னொரு பிரதிக்கு எழுதிப் போடலாம் என்றால், தொலைந்துபோய்விட்டது என்று கையெழுத்துப் போட வேண்டும். தொலையவில்லையே. அது எந்த ரூமில், எந்தத் தட்டில் இருக்கிறது என்று எனக்குத் தெரியும். தெரிந்து என்ன. இந்தக் கதவு எப்படித் திறக்கும் என்று இன்று என்னால் உனக்குச் சொல்ல முடியாது. நீ படிக்கும் நாளில் திறந்திருக்கலாம், திறக்காமலும் இருக்கலாம்.

உனக்கு வேலை கொடுப்பவர் எதைக் கேட்டாலும், அவருக்கு ஜெராக்ஸ் போதுமா என்று ஒரு முறை கேள். கேட்பது அவமரியாதை இல்லை. ஆனால் ஒருவர் கை உன்னை நம்பி உள்ளே இருக்கும்போது, ஜெராக்ஸில் எழுதிவிட்டு வேலை முடிந்தது என்று இருந்துவிடாதே. மாற வேண்டியது எங்கே இருக்கிறதோ அங்கேயே போ. கை நடுங்கினால் நடுங்கட்டும், தொடு. என் அம்மா எனக்குச் சொன்னதை நான் உனக்குச் சொல்லாமல் இருந்திருந்தால் அதுவே போதும். ஆனால் நேற்றுக்கூட நீ அலமாரியில் கை வைத்தபோது “தொடாத” என்று அதட்டினேன். பழக்கம் அவ்வளவு சீக்கிரம் போவதில்லை.

இன்னும் இரண்டு இடம் பாக்கி. இரண்டும் எஸ்டேட்டுக்குள்ளேயே, பக்கத்துப் பக்கத்துப் பட்டறைகள். என்னை உள்ளே விடக் கூடாதென்று வாட்ச்மேனிடம் சொல்லிவைத்திருக்கிறார்கள். முதல் ஷிஃப்ட் ஆறு மணிக்கு. ஆட்கள் கேட்டுக்குள் போவதற்கு முன் ரோட்டிலேயே பிடிக்க வேண்டும். நீ விழித்தால் அழுவாய். நாளை ஐந்து மணிக்கு, உன்னை எழுப்பாமல் கிளம்ப வேண்டும்.

அம்மா